பணி நியமன ஆணை கொடுத்தாச்சு. அடுத்த திங்கட்கிழமை என்ன நடக்குது?

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. யாரையும் கலாய்க்கிற மீம் இல்ல, தேர்தல் கணக்கும் இல்ல. டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படிங்க.

ஆசிரியர் நியமனம்னாலே நம்ம டைம்லைன்ல வர்ற படம் ஒண்ணுதான். மேடை, சால்வை, வரிசையா நிக்கிற இளைஞர்கள், கையில பணி நியமன ஆணை. ஆட்சி மாறினாலும் அந்தப் படம் மாறுறதில்ல. கீழே கமெண்ட்ல ஒரு பக்கம் "நாங்க இத்தனை ஆயிரம் பேரைப் போட்டோம்", எதிர்ப்பக்கம் "காலியிடம் இத்தனை ஆயிரம் இருக்கே". ரெண்டுமே கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா அந்த ஆணையோட மேடையை விட்டு இறங்கின ஆளுக்கு அடுத்த திங்கட்கிழமை என்ன நடக்குதுன்னு யாரும் கேட்கிறதில்ல. நாம கேட்போம்.

அந்த ஆள் அங்க வந்து சேர்ந்த கதையே பெருசு. இடைநிலை ஆசிரியர்னா பன்னிரண்டாவதுக்கு மேல ரெண்டு வருஷ டிப்ளமோ. பட்டதாரி ஆசிரியர்னா டிகிரிக்கு மேல பி.எட்., அதுவும் 2015-16லேர்ந்து ரெண்டு வருஷம். அப்புறம் டெட். பொதுப்பிரிவுக்கு 150-க்கு 90 எடுக்கணும். 2012 ஜூலையில தமிழ்நாட்டுல முதல் டெட் நடந்தப்போ எழுதினவங்கள்ல ஒரு சதவீதம் பேர்கூட தேறல. தேர்வு நேரம் ஒன்றரை மணி நேரம்தான்னு வச்சிருந்தாங்க. எதிர்ப்பு வந்ததும் மூணு மணி நேரமாக்கி, அதே வருஷம் துணைத்தேர்வு வச்சாங்க. டெட் பாஸானா வேலைன்னு நம்பிக் காத்திருந்தவங்களுக்கு, 2018-ல அரசாணை 149 வந்து, அதுக்கு மேல ஒரு போட்டித் தேர்வும் எழுதணும்னு ஆச்சு. இருபத்திரண்டு வயசுல படிப்பை முடிச்சவர் முப்பதைத் தாண்டி வேலையில சேர்றது இங்க சர்வ சாதாரணம்.

சல்லடை போட்டு இவ்வளவு சலிச்சு எடுக்கிறோமே, எடுத்த அப்புறம் அந்த ஆளுக்கு என்ன பண்றோம்?

முதல்ல ஊர். கலந்தாய்வுல புதுசா வர்றவங்களுக்குக் கிடைக்கிறது, ஏற்கெனவே பணியில இருக்கிறவங்க இடமாறுதல் வாங்கிட்டுப் போன மிச்சம். காலியிடம் வட மாவட்டங்கள்லதான் அதிகம். அதனால தென்காசிப் பக்கத்துப் பொண்ணு ஜவ்வாது மலைக்கோ அஞ்செட்டிக்கோ போய்ச் சேரும். வாடகைக்கு வீடு கிடைக்காது, பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. அனுபவம் அதிகமா தேவைப்படுற பள்ளிக்கு, அனுபவமே இல்லாத ஆள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யல. சீனியாரிட்டி முறை தானா இப்படித்தான் வந்து நிக்கும்.

அடுத்து வகுப்பு. நிறைய தொடக்கப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். ஒருத்தர் ஹெச்.எம்., இன்னொருத்தர் நம்ம புது டீச்சர். ஹெச்.எம். கூட்டத்துக்குப் போயிட்டா அஞ்சு வகுப்பும் ஒரே ஆள் கையில. சாதாரண நாள்லயே ஒண்ணு, ரெண்டு, மூணு வகுப்புக் குழந்தைகள் ஒரே ரூம்ல உட்கார்ந்திருப்பாங்க. 2022-ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்துல குழந்தைகளை அவங்க வாசிக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுச் சொல்லிக் கொடுக்கணும். யோசனை நல்ல யோசனை, அதுல எனக்குக் குறை இல்ல. ஆனா மூணு வகுப்பு, ஒவ்வொண்ணுலயும் மூணு நிலைன்னா ஒரே ரூம்ல எத்தனை பள்ளிக்கூடம் நடக்குதுன்னு நீங்களே எண்ணிப் பாருங்க. இருபது வருஷம் சர்வீஸ் போட்டவங்களுக்கே மூச்சு வாங்குற வேலை இது.

பயிற்சி இல்லாமலா இருக்குன்னு கேட்பீங்க. இருக்கு. வட்டார வள மையத்துல பயிற்சி நடக்கும், கருத்தாளர் வருவார், பிபிடி ஓடும், வருகைப் பதிவுல கையெழுத்து போடணும். அந்த ஹால்ல இருபத்தஞ்சு வருஷ அனுபவம் உள்ளவரும், போன வாரம் சேர்ந்தவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ரெண்டு பேருக்கும் ஒரே பாடம். சீனியருக்குத் தெரிஞ்ச விஷயம் திரும்ப ஓடுது, ஜூனியருக்கு வேண்டிய விஷயம் வரவே வராது. "அஞ்சாவது படிக்கிற பையனுக்கு எழுத்தே தெரியல, நாளைக்குக் காலையில நான் எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"னு அந்த ஹால்ல எழுந்து கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

இதுல இன்னொரு கூத்து இருக்கு. ஸ்கூல்ல வயசு கம்மியான ஆள் யாரோ, அவங்கதான் ஆட்டோமேட்டிக்கா கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட். "நீங்க சின்னப் புள்ள டீச்சர், உங்களுக்குத்தான் மொபைல் நல்லா வரும்"னு சொல்லி எமிஸ் பதிவு மொத்தமும் அவங்க தலையில விழும். வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருள், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எண், ஆதார். சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும். மாடி மேல ஏறி நின்னு சிக்னல் தேடுவாங்க, கீழே வகுப்பு சத்தமா இருக்கும். இதுக்கு மேல பிஎல்ஓ வேலை. கல்வி உரிமைச் சட்டம் 27-வது பிரிவு, தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேற வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாதுன்னு சொல்லுது. அந்த மூணு விதிவிலக்கும் போதாதா? தேர்தல் வந்துக்கிட்டேதான் இருக்கும், கணக்கெடுப்பும் வருது. சேர்ந்து ஆறு மாசம் ஆன ஆளுக்கு மட்டுமாவது இதுலேர்ந்து விலக்கு கொடுக்கலாமேன்னு யோசிக்க ஒரு அதிகாரிக்கும் நேரம் இல்ல.

சரி, இப்போ என் துறைக்கு வர்றேன். நான் படிச்சது இன்ஜினியரிங். இன்ஜினியரிங் முடிச்சு பி.எட். படிச்சவங்க 6 முதல் 8 வகுப்பு வரை கணக்கு எடுக்க டெட் எழுதலாம்னு 2019-ல தமிழக அரசு சொன்னதுக்கு அப்புறம், எங்க ஆளுங்க சிலரும் இந்தப் பக்கம் வந்திருக்காங்க. அவங்க சொல்ற முதல் அதிர்ச்சியே இதுதான்: "மச்சான், இங்க கூட யாருமே இல்லடா."

ஐடி கம்பெனியில ஃப்ரெஷரா சேர்ந்தா மாசக்கணக்குல ட்ரெயினிங். அப்புறமும் லைவ்ல ஓடுற சிஸ்டத்துல தனியா கை வைக்க விடமாட்டாங்க. நாலு வரி கோட் எழுதினாலும் சீனியர் பார்த்து ஓகே சொன்னாத்தான் உள்ளே போகும். கம்பெனிக்கு நம்ம மேல இருக்கிற பாசத்துல செய்யல, கிளையன்ட்டோட காசு போயிடும்ங்கிற பயம்தான். தப்பு நடந்தா என்ன ஆகும்? ஒரு ஆப் ரெண்டு மணி நேரம் படுத்துக்கும், அப்புறம் சரி பண்ணிடுவாங்க.

வகுப்பறையில அப்படிச் சரி பண்ண முடியாது. அந்த டீச்சருக்கு அது சர்வீஸ்ல முதல் மூணு வருஷம், முப்பது வருஷ வேலையில ஒரு சின்னப் பகுதி. ஆனா அந்த ஈராசிரியர் பள்ளியில ஒண்ணாவது சேர்ந்த குழந்தைக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிற வருஷமே அந்த மூணும்தான். டீச்சர் தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டு நாலாவது வருஷம் அருமையா நடத்துவாங்க. அந்தக் குழந்தை அப்போ நாலாவது போயிருக்கும்.

யாருடைய குழந்தை அதுன்னும் யோசிங்க. வசதி இருக்கிறவன் டியூஷன் வச்சுக்குவான். கூலி வேலைக்குப் போறவங்க பிள்ளைக்கு அந்த டீச்சரை விட்டா வேற யாரு?

இதுக்குப் புதுசா சட்டம் எதுவும் தேவையில்லைங்கிறதுதான் என் வாதம். ஏன்னா விதியில ஏற்கெனவே ரெண்டு வருஷம் இருக்கு, தகுதிகாண் பருவம். மூணு வருஷத் தொடர்ச்சிக்குள்ள ரெண்டு வருஷம் பணி செஞ்சு முடிக்கணும். பேரைப் பாருங்க, தகுதி காண்கிற பருவம். நடைமுறையில என்ன காண்கிறாங்க? பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, பி.எட். சான்றிதழுக்கெல்லாம் உண்மைத்தன்மைச் சான்று வந்துடுச்சா, சர்வீஸ் ரெஜிஸ்டர்ல பதிவு இருக்கா, விடுப்புக் கணக்கு சரியா இருக்கா. உண்மைத்தன்மை வரத் தாமதமானா தகுதிகாண் பருவ ஆணையும் தாமதம். ஃபைல் பத்திரமா இருக்கு. ஆனா அந்த ரெண்டு வருஷத்துல வகுப்புக்குள்ள வந்து பின்பெஞ்சுல உட்கார்ந்து, "இந்த இடத்துல இப்படிச் செஞ்சு பாருங்கம்மா"ன்னு சொல்ல ஒருத்தர் வரணும்ங்கிறது எந்த ஃபைல்லயும் இல்ல.

மத்த இடங்கள்ல இதைத்தான் செய்றாங்க. ஜப்பான்ல 1989-லேர்ந்தே அரசுப் பள்ளிக்குப் புதுசா வர்ற ஆசிரியருக்கு ஒரு வருஷ அறிமுகப் பயிற்சி, வேலை பார்த்துக்கிட்டே. இங்கிலாந்துல 2021-லேர்ந்து ரெண்டு வருஷம்: முதல் வருஷம் 10 சதவீதம் பாடவேளை கம்மி, ரெண்டாவது வருஷம் 5 சதவீதம் கம்மி, கூடவே ஒரு மென்டர். அங்கேயும் எல்லாம் தேனாறா ஓடல, மென்டர்களுக்கு நேரம் பத்தலன்னு புகார் வந்தது. ஆனா ஒரு விஷயத்துல தெளிவா இருந்தாங்க. மதிப்பீடு பண்றவர் வேற, மென்டர் வேற. டெல்லியில 2016-ல 200 பேர் வரைக்கும் பணியில இருக்கிற ஆசிரியர்களையே மென்டர் ஆசிரியர்களாத் தேர்ந்தெடுத்து, மத்த பள்ளிகளுக்குப் போய் வகுப்பைப் பார்த்து உதவ வச்சாங்க.

நம்மகிட்ட இதுக்கான கட்டமைப்பு இல்லாம இல்ல. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கு. அதுக்குக் கீழே வட்டார வள மையம், அதுக்கும் கீழே குறுவள மையம். ஆசிரியர் பயிற்றுநர்னு ஒரு பதவியே இருக்கு. அந்தப் பதவி வந்ததே பள்ளிக்குப் போய் ஆசிரியருக்குத் துணையா நிக்கத்தான். இன்னைக்கு அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பாதி நாள் புள்ளிவிவரம் வாங்குறதுலயும் கூட்டம் நடத்துறதுலயும் போகுது. புது ஆசிரியரும் டேட்டா என்ட்ரி பண்றார், அவருக்கு உதவ வேண்டியவரும் டேட்டா என்ட்ரி பண்றார்.

கன்டென்ட்டுக்கும் பஞ்சம் இல்ல. தீக்ஷா இருக்கு, புத்தகத்துல க்யூஆர் கோட் இருக்கு, 2023-ல மணற்கேணி ஆப் வந்தது. ஞாயித்துக்கிழமை ராத்திரி பாடக்குறிப்பு பிடிஎஃப் போடுற டெலிகிராம் குரூப்புகளுக்கு இருக்கிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும், ஆசிரியர்கள் ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு உதவிக்கிறாங்கன்னு. ஆனா வீடியோவுக்கு உங்க வகுப்பு தெரியாது. மூணு வாரமா வாயே திறக்காத பிள்ளையை எப்படிப் பேச வைக்கிறது, குடிச்சுட்டு கேட்ல வந்து நிக்கிற அப்பாகிட்ட எப்படிப் பேசுறது, இதெல்லாம் பக்கத்துல ஒரு மனுஷன் இருந்து சொல்ல வேண்டியது.

காசு எங்கேன்னு சில பேர் கேட்பாங்க. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்துல கையெழுத்து போடலைன்னு 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வச்சது உண்மை, அந்தச் சண்டையை நாம விடப்போறதும் இல்ல. ஆனா அதைச் சொல்லியே இதைத் தள்ளிப் போட முடியாது. இதுக்குக் கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். அதே குறுவள மையத்துல நல்லா வகுப்பு எடுக்கிற சீனியர் ஒருத்தர், புது ஆசிரியர் ஒருத்தருக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை நாள் வரட்டும். போக வர பயணப்படி, மாசம் ஒரு சின்ன மதிப்பூதியம். அவர் அதிகாரியா இருக்கவே கூடாது. யாரு நம்ம மேல ரிப்போர்ட் எழுதுவாரோ அவர்கிட்ட "எனக்கு இது வரல சார்"னு யாரும் சொல்ல மாட்டாங்க. முதல் ரெண்டு வருஷம் பிஎல்ஓ வேலை கிடையாது, எமிஸ் பொறுப்பு கிடையாதுன்னு ஒரு சுற்றறிக்கை. தகுதிகாண் ஆணை போடுறப்போ உண்மைத்தன்மையோட சேர்த்து, மென்டர் எத்தனை நாள் வந்தார்னு துறை கணக்குக் காட்டட்டும். ஆசிரியர் இல்ல, துறை காட்டட்டும்.

நிரந்தரப் பணியில வர்றவங்களுக்கே நிலைமை இதுன்னா, மத்தவங்க பாடு? 2022-ல பள்ளி மேலாண்மைக் குழு வழியா தற்காலிக ஆசிரியர்களை எடுத்தப்போ மாசம் 7,500, 10,000, 12,000 ரூபாய்னு அறிவிச்சாங்க, அப்புறம் 12,000, 15,000, 18,000 ஆச்சு. கல்வியாண்டு முடிஞ்சா வேலையும் முடிஞ்சது. பயிற்சின்னு பேச்சே இல்ல. சில தனியார் பள்ளிகள்ல அசல் சான்றிதழை வாங்கி பீரோவுல பூட்டி வச்சுக்கிறாங்க, பாதியில போயிடக் கூடாதாம். இந்த ரெண்டு பேரையும் சேர்க்காம புது ஆசிரியர் பற்றிப் பேசினா அது அரைப் பேச்சு. மென்டர் திட்டம் வந்தா தற்காலிக ஆசிரியர்தான் முதல்ல உள்ளே வரணும்.

நம்ம இணையப் படைக்கும் ஒரு வேண்டுகோள். போர்டுல ஒரு டீச்சர் ஸ்பெல்லிங் தப்பா எழுதின போட்டோ மாசத்துக்கு ஒண்ணு வைரல் ஆகுது. எந்த ஆட்சியைத் திட்ட வசதியோ அந்த ஆட்சி பேரைப் போட்டு ஷேர் பண்றாங்க. அந்த போட்டோ நம்ம பக்கத்துக்கு வந்தா ஷேர் பண்ணாதீங்க. சேர்ந்து எத்தனை மாசம் ஆச்சு, அவங்க வகுப்புக்கு இதுவரை யாராவது உதவிக்கு வந்தாங்களான்னு கமெண்ட்ல கேளுங்க.

இதைப் படிக்கிற ஆசிரியர்கள் நம்ம பக்கத்துல நிறைய பேர் இருக்கீங்க. அரசுப் பள்ளியோ தனியாரோ, நிரந்தரமோ தற்காலிகமோ, ஒரே ஒரு விவரம் சொல்லுங்க: உங்க முதல் வருஷத்துல, ஆய்வுக்கு இல்லாம உதவிக்குன்னு உங்க வகுப்புக்குள்ள எத்தனை பேர் வந்தாங்க? மாவட்டம், சேர்ந்த வருஷம், எண்ணிக்கை போதும். பள்ளி பேர் வேண்டாம், உங்க பேரும் வேண்டாம், இன்பாக்ஸ்ல அனுப்பினாலும் சரி. மாவட்ட வாரியாத் தொகுத்து நம்ம கட்சியோட கல்விக் குழு கையில கொடுக்கப் போறோம். அடுத்த மாதம் பத்தாம் தேதி வரைக்கும் அனுப்பலாம்.

- தகவல் தொழில்நுட்ப அணி

#முதல்வருடஆசிரியர் #அரசுப்பள்ளி