தீயில் பாதி, நிபந்தனையில் மீதி!

"இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டேன், இனி எனக்கென்ன பயம்?" என்று நிம்மதியாகக் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் சிறு வியாபாரி ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் கிளை அலுவலகத்துக்கு ஒரு ஜவுளிக் கடைக்காரர் வந்தார். மின்கசிவினால் கடையில் தீப்பிடித்து, 6 லட்ச ரூபாய்ச் சரக்கு சாம்பலாகிவிட்டது. 10 லட்சத்துக்குப் பாலிசி வைத்திருந்தார். ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டியவர். கம்பெனி தர முன்வந்ததோ 3 லட்சம்! "மீதி 3 லட்சம் எங்கே போயிற்று, தோழர்?" என்று கேட்டார்.

கம்பெனியின் கணக்கைக் கேளுங்கள். தீபாவளிக்காகக் கடனுக்கு வாங்கி அடுக்கியதையும் சேர்த்து, தீப்பிடித்த அன்று கடையிலிருந்த சரக்கு 20 லட்சம் பெறும். பாலிசியோ 10 லட்சத்துக்கு. "பாதிக்குத்தான் இன்ஷூர் செய்தாய், ஆகவே நஷ்டத்திலும் பாதிதான் உனக்கு" என்கிறது ஷரத்து. இதற்குச் 'சராசரி ஷரத்து' என்று பெயர். வந்த 3 லட்சமும் முதலில் அவர் கடன் வாங்கிய வங்கிக்கே போகும். அதற்கும் ஒரு ஷரத்து இருக்கிறது!

குறைந்த தொகைக்குப் பிரீமியம் கட்டினால் குறைந்த நஷ்டஈடு என்பதில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பணம் வாங்கும்போது இதை வாய் திறந்து சொன்னவர் யார்? வங்கி பாலிசி கேட்டது, ஏஜெண்டு படிவத்தை நீட்டினார், கடைக்காரர் கையெழுத்திட்டார். ஷரத்து என்று ஒன்று இருப்பதே கடை எரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பிரீமியத்தின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. பிடுங்கும் சர்க்காருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் கடமை இல்லையா?

ஓரிடத்தில் 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சொத்துள்ள சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து தனிப் பாலிசி இருக்கிறது. அதில் இன்ஷூர் தொகை 15 சதவிகிதம் வரை குறைந்திருந்தாலும் சராசரி ஷரத்து பாயாது. இது எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியும்? தனி உரிமையாளர்களும் குறுந்தொழில் நடத்துவோரும் 50 லட்ச ரூபாய் வரையிலான தகராறை இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். இதையாவது யாரும் சொன்னார்களா?

இன்னொன்று. சரக்குக்குப் பாலிசி எடுத்தீர்கள். சரக்கைத் தூக்கும் தொழிலாளிக்கு? சட்டப்படி, அது பொருந்தும் வேலைகளில் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு தரவேண்டியவர் முதலாளிதான். தீ பாலிசி அதற்கு ஒரு காசு தராது. தொழிலாளியின் குடும்பம் தெருவில் நிற்கும்; சிறு முதலாளியும் கூடவே நிற்பார்.

"போட்டி வந்தால் எல்லாம் சரியாகும்" என்று கதைக்கிறார்கள். 1973ல் 107 கம்பெனிகள் தேசவுடைமையாகி நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளாயின. அவற்றில் ஒன்றின் தலைமையகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. 1999ல் சட்டம் போட்டுத் தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். அந்நிய மூலதனத்துக்கு முதலில் 26 சதவிகிதம், 2015ல் 49, 2021ல் 74, 2025 டிசம்பரில் 100! பொதுத்துறைக் கம்பெனிகளில் சர்க்காருக்கு 51 சதவிகிதப் பங்கு இருந்தே தீரவேண்டும் என்ற விதியையும் 2021லேயே நீக்கிவிட்டார்கள்.

2007ல் தீ இன்ஷூரன்சுக்கு இருந்த நிர்ணயக் கட்டணத்தை ஒழித்தார்களே, பலன் யாருக்கு? கோடிக்கணக்கில் பிரீமியம் கட்டும் ஆலை அதிபர் பேரம் பேசித் தள்ளுபடி பெற்றார். கடைவீதிக்காரர் யாரிடம் பேரம் பேசுவார்? பொதுத்துறையில் தாமதமும் மெத்தனமும் உண்டு. அதை மூடி மறைக்க மாட்டோம். ஆனால் அங்கே கேள்வி கேட்க நாடாளுமன்றம் இருக்கிறது. அந்நிய முதலாளியை யார் கேட்பது?

எனவே நாம் கோருகிறோம்: ஷரத்துகளைத் தமிழில் அச்சடித்து, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கு! சிறு வியாபாரியின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. வரியை ரத்து செய்! பொதுத்துறைக் கம்பெனிகளை விற்காதே, பலப்படுத்து!

வியாபாரி நண்பர்களே, இன்றே பெட்டியைத் திறந்து பாலிசியை எடுங்கள். சரக்கின் மதிப்பையும் பாலிசித் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாளை உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தனியாக நின்றால் ஷரத்து உங்களை விழுங்கும். ஒன்றுபட்டு நின்றால் ஷரத்தையே மாற்றலாம்!