உண்மையான ஒரு வசனம் போதும்

வைத்தியசாலைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் வெறுங்கையுடன் போவதில்லை. தோடம்பழமோ நெஸ்டமோல்ட்டோ ஏதாவது கொண்டுபோவோம். கூடவே ஒரு வசனத்தையும் கொண்டுபோகிறோம்: "ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ, எல்லாம் சுகமாகிவிடும்." நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் பார்வையாளர் நேரம் முடிந்து நாம் வீடு திரும்பிய பின்னர், அந்த வசனம் நோயாளிக்கு எவ்வளவு துணையாக இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நல்ல வார்த்தைகளைத் தனக்குத் தானே சொல்லித் தைரியம் பெறுவது பழைய வழக்கமே. சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிரான்ஸ் நாட்டு மருந்தாளர் எமில் குவே இதை ஒரு முறையாகவே கற்பித்தார். தாம் நாளுக்கு நாள் தேறி வருவதாகக் காலையில் விழித்ததும் இரவில் உறங்குமுன்னும் 20 தடவை சொல்ல வேண்டும் என்றார். எண்ணிக்கை தவறாமலிருக்க 20 முடிச்சுகள் இட்ட கயிற்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆனால் எல்லா வசனமும் எல்லோருக்கும் பொருந்துமா? 2009இல் கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வூட் என்பவரும் அவரது குழுவினரும் இதை ஆராய்ந்தனர். 'நான் அன்பு செலுத்தத் தகுந்தவள்' என்ற கருத்துள்ள வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தம்மைப் பற்றி ஏற்கெனவே உயர்வாக எண்ணியவர்கள் சற்று மகிழ்ந்தார்கள். தம்மைத் தாழ்வாக எண்ணியவர்களோ முன்னரிலும் மனம் சோர்ந்தார்கள். காரணம் விளங்கக்கூடியதே. நம்ப முடியாத ஒன்றை வாய் சொல்லும்போது, "அது பொய்" என்று மனம் பதில் சொல்கிறது.

எனவே நோயுற்ற சகோதரி தனக்குச் சொல்லும் வசனம் சிறியதாகவும் உண்மையாகவும் இருக்க வேண்டும். "எனக்குப் பயமே இல்லை" என்பதிலும் பார்க்க, "பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்றைய ஊசியை என்னால் போட்டுக்கொள்ள முடியும்" என்பது மேல். "நான் பூரண சுகம்" என்பதிலும் பார்க்க, "வைத்தியரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்" என்பது மேல். கிளினிக்கில் இலக்கம் வரும்வரை காத்திருக்கும்போது, மூச்சை மெதுவாக விட்டபடி இதைச் சொல்லிப் பாருங்கள்.

நோய்க்கு அப்பால் தான் யார் என்பதை நினைவுபடுத்துவதும் பலம் தரும். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் எழுதிய குறிப்புகளை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். தமக்கு முக்கியமான உறவுகளையும் பண்புகளையும் பற்றி எழுதியவர்களிடம் மூன்று மாதங்களின் பின்னர் உடல் உபாதைகள் குறைவாகக் காணப்பட்டன. "நான் தாய், நன்றாகத் தைப்பவள், அயலாருக்கு உதவுபவள்" என்று ஒரு கொப்பியில் எழுத யாருக்கும் செலவில்லை.

பராமரிப்பவர்களின் வார்த்தைக்கும் வலிமை உண்டு. அமெரிக்காவில் பிரசவத்துக்கு வந்த 140 தாய்மாரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. முதுகில் விறைப்பு ஊசி போடுமுன், ஒரு பகுதியினரிடம் அந்த இடம் மரத்துவிடும், சுகமாக இருக்கும் என்று சொல்லப்பட்டது. மற்றவர்களிடம் பெரிய தேனீ கொட்டியது போலிருக்கும் என்று சொல்லப்பட்டது. ஊசி ஒன்றுதான், ஆனால் இரண்டாவது பகுதியினரே கூடுதலான வலியை உணர்ந்தார்கள். தாதியரும், கூட நிற்கும் தாய்மாரும் மாமிமாரும் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. "மனதைத் திடமாக வைத்திருந்தால் நோய் ஓடிவிடும்" என்று சிலர் சொல்வதுண்டு. நோய் முற்றினால், "நான் மனதைத் தளரவிட்டதால்தான் இப்படி ஆயிற்று" என்று நோயாளி தன்னையே நொந்துகொள்கிறாள். இது பெரும் அநியாயம். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் ஏற்பட்ட 1,093 பேரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2007இல் வெளியானது. அதில் நோயாளியின் மனநிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. நல்ல வார்த்தை இன்றைய நாளைக் கடக்க உதவும். மருந்தின் வேலையை மருந்துதான் செய்ய வேண்டும்.

நல்ல வசனம் போலத் தோன்றும் ஆபத்தான வசனமும் ஒன்று உண்டு. "எனக்கு ஒன்றுமில்லை" என்பதே அது. இலங்கைப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். மார்பில் கட்டி தட்டுப்பட்ட பின்னரும் வீட்டு வேலையையும் பிள்ளைகளின் பரீட்சையையும் காரணம் காட்டி, "எனக்கு ஒன்றுமில்லை" என்று நாட்களைக் கடத்தும் சகோதரிகள் இருக்கிறார்கள். 1996 முதல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் விசாரித்துச் செல்லுங்கள். "எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்வேன்" என்பதே அப்போது சொல்ல வேண்டிய வசனம்.

இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கமும் பசியும் இல்லாமல், வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் வசனங்களோடு நின்றுவிடாதீர்கள். வைத்தியரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது, "ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ" என்பதை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். "வியாழக்கிழமை பிள்ளைகளை நான் பள்ளிக்கூடத்தால் கூட்டி வாறன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள். அது அவள் நம்பக்கூடிய வசனம்.