சூடானை மறக்க வேண்டாம்



2025 நவம்பர் இறுதியில் லயங்களில் இரண்டு செய்திகள்தான் பேச்சு. ராவல்பிண்டியில் நமது அணி ஆடிய முத்தரப்புத் தொடர் ஒன்று. எத்தியோப்பியாவில் வெடித்த ஹெய்லி குப்பி எரிமலை மற்றொன்று. அதன் சாம்பல் டெல்லி வரை வந்துவிட்டது. கிரிக்கெட்டை நாமும்தான் பார்க்கிறோம். அதில் தவறில்லை.

ஆனால் எத்தியோப்பியாவின் அயல்நாடான சூடானில் 2023 ஏப்ரல் 15 இல் இராணுவத்துக்கும் துணைப்படைக்கும் இடையே மூண்ட போர் இன்னும் ஓயவில்லை. ஒரு கோடிக்கும் அதிகமானோர் வீடுவாசலை விட்டு ஓடினர். எல் பாஷர் நகரம் 500 நாட்களுக்கு மேல் முற்றுகையில் கிடந்தது. மாட்டுக்குப் போடும் கடலைப் புண்ணாக்கைத் தின்று மக்கள் உயிர் பிடித்தனர். 2025 ஒக்டோபர் 26 இல் நகரம் துணைப்படையிடம் வீழ்ந்தது, படுகொலைகள் நடந்தன. சில நாள் தலைப்புச் செய்தி. பிறகு மௌனம்.

இந்த மௌனத்தை நாம் அறிவோம். 2009 இல் வன்னியில் குண்டுகள் விழுந்தபோது உலகம் ஐபிஎல் பார்த்துக்கொண்டிருந்தது. 1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு அங்கே குடியேறிய நம் உறவுகளும் மாண்டனர்.

எரிமலை தானாக அடங்கும். போர் அப்படி அடங்காது. ஆயுதம் கொடுப்போரைத் தடுக்க வேண்டும். டிசம்பர் 10 மனித உரிமைகள் தினத்தன்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் சூடானைப் பற்றிப் பேசட்டும். ஐ.நா.வில் இலங்கை குரல் கொடுக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பட்டும்.