இடி யாவர்க்கும் பொதுவோ?

சென்ற ஐப்பசியில் ஒரு பிற்பகல். எமது வளவிலுள்ள தென்னைகளில் வழக்கமாகத் தேங்காய் பறிக்கும் முதியவர் வந்திருந்தார். வானம் கறுத்துத் தொலைவிலே இடி முழங்கியது. "ஐயா, வானம் இடிக்குது; நாளைக்கு ஏறட்டோ?" என்றார் அவர். மறுநாள் வீட்டிலே ஒரு சடங்கு. "இரண்டு மரந்தானே, கெதியாய் முடிச்சுப்போட்டு இறங்கலாம்" என்றோம் நாம். அவர் மறுபேச்சின்றித் தளைநாரை எடுத்தார். உள்ளிருந்து வந்த எமது இல்லத்தரசியார்தாம், "தேங்காய் சந்தையிலை வாங்கலாம், நீங்கள் திண்ணையிலை இருங்கோ அண்ணை" என்று தடுத்தார். சிறிது நேரத்தில் அயல்வளவுப் பனையொன்றின்மேல் இடி விழுந்தது.

அம்முதியவர் மரத்திலிருக்கும்போது அவ்விடி விழுந்திருப்பின் நாம் யாது கூறியிருப்போம்? 'விதி' என்றிருப்போம். நீதிமன்றங்களோ இவ்வினாவை அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை.

இங்கிலாந்திலே, 23 அடி உயரச் சாரத்தின்மேல் நின்று செங்கல் அடுக்கிய மேசன் ஒருவர் மின்னல் தாக்கி இறந்தார். மின்னல் யாவர்க்கும் பொதுவன்றோ என்ற கேள்வி எழுந்தது. அவ்வுயரத்தில் நின்றமையால் ஏனையோரினும் மிகுந்த ஆபத்துக்கு அவர் ஆளானார் என்றும், அவ்வாபத்து வேலையினால் வந்ததே என்றும், 1904ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. குடும்பத்திற்கு நட்டஈடு கிடைத்தது. 1908இல் அயர்லாந்தின் கெரி மாவட்டத்தில், வீதியில் வேலை செய்த கூலியாள் ஒருவர் இவ்வாறே மாண்டார். வீதியில் நின்றவர்க்குப் பிறரினும் மிகுந்த ஆபத்து இல்லையென்று கூறி நட்டஈடு மறுக்கப்பட்டது.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், விபத்தானது வேலையின்போதும் வேலை காரணமாகவும் நேர்ந்ததா என்றே வினாவுகின்றது. வேலை கொடுத்தவரின் கவனக்குறைவை நிறுவவேண்டுமென அது கேட்பதில்லை. ஆகவே புயலையும் இடியையும் காட்டி மட்டும் ஒருவர் தப்பிவிட முடியாது. இடியை மனிதன் ஏவுவதில்லை; இடிக்கு நடுவே மரத்தின் உச்சிக்கு மனிதனை ஏவுபவன் மனிதனே.

தோட்டச் சொந்தக்காரரும் வள்ளமுடைய சம்மாட்டியும் மட்டுமல்லர், ஒருநாட் கூலிக்கு ஆளை அழைக்கும் நாமும் வேலை கொடுப்பவரே. வீட்டு வேலைக்கு இடையிடையே அழைக்கப்படும் கூலியாளை 1906ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் தன் காப்பிலிருந்து விலக்கி வைத்தது. சட்டம் விலக்கலாம்; அறம் விலக்குமோ?

'நாளைக்கு ஏறட்டோ' என்று கேட்பவர் சோம்பலால் கேட்பதில்லை. அன்றைய கூலியை இழக்கவும் இசைந்தே கேட்கின்றார். நாம் அன்று அம்முதியவரிடம் அரைநாட் கூலியைக் கொடுத்தனுப்பினோம். அதைக் கொடையென்று எண்ணவில்லை. எமது பிழைக்கு இறுத்த சிறு கடனென்றே எண்ணினோம்.