வாசல் இல்லாதவன் வண்டிக்கு வழி என்ன?

பெங்களூரில் மின்சார வண்டிப் புரட்சி நடக்கிறதாம்! 2017இல் நாட்டிலேயே முதன்முதலாக மின்வாகனக் கொள்கை அறிவித்த மாநிலம் கர்நாடகம் என்று ஆட்சியாளர்கள் மார்தட்டிக் கொள்கிறார்கள். தட்டட்டும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. ஸ்ரீராமபுரத்து ஒண்டுக் குடித்தனத்தில் இருந்துகொண்டு, மின்சார ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் நம் பிள்ளை, இரவில் அந்த வண்டிக்கு எங்கே சார்ஜ் போடுவான்?

சொந்தமாக வண்டி நிறுத்த இடம் உள்ளவருக்குக் கவலை இல்லை. சுவரில் பிளக், வீட்டு மீட்டர். வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வாசலே இல்லாத நம் பிள்ளை பொது நிலையத்துக்குப் போகிறான். அங்கே அதே மின்சாரம் 'சேவை' என்று பெயர் மாறுகிறது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஏறுகிறது! 2023இல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையமும் அப்படித்தான் சொன்னது. வண்டி வாங்க 5 விழுக்காடு, அதற்குச் சார்ஜ் ஏற்ற 18 விழுக்காடு! இருப்பவனுக்கு விலக்கு, இல்லாதவனுக்கு அபராதம். இதுவா நியாயம்?

"வீட்டிலேயே இணைப்பு வாங்கலாமே" என்பார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, நுகர்வோர் கேட்டால் வண்டிக்கென்றே தனி இணைப்புத் தரவேண்டும். பெருநகரில் புதிய இணைப்புக்குக் கெடு 3 நாள்தான். ஆனால் கேட்க வேண்டியவர் யார்? மீட்டர் யார் பெயரிலோ அவர்! வாடகைக்காரன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டும். அவர் மறுத்தால் மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிடுகிறான். மெல்லிய ஒயர் மணிக்கணக்கில் சூடேறுகிறது. மழை வந்தால் உயிருக்கே ஆபத்து.

வாடகைக்காரருக்கு உரிமை தர வழி இல்லை என்று சொல்லவேண்டாம். 2023இல் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தந்தபோது, வாடகைக்காரரும் பதிவு செய்யலாம் என்று இதே மாநில அரசு வழி கண்டதே! அன்று திறந்த கதவு இன்று ஏன் திறக்காது?

செலவும் மலை அல்ல. ஸ்கூட்டர் பேட்டரி நிரம்ப ஏறக்குறைய 3 யூனிட்; ஆட்டோவுக்கு 7, 8 யூனிட். நாம் தூங்கும் நேரத்தில் ஏறிவிட 15 ஆம்பியர் பிளக் போதும். சிறு வண்டிகளுக்கான 3 கிலோவாட் சார்ஜ் பெட்டியை 3,500 ரூபாய்க்குள் தரவேண்டும் என்று மத்திய அரசே 2021இல் இலக்கு வைத்தது. 2024இல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜ் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தக் கோடிகளில் நம் சந்துக்கு ஒரு பிளக் வராதா?

நாம் கேட்பவை மூன்று. உழைப்பாளர் குடியிருப்புகளில், தெருவிளக்குக் கம்பங்களை ஒட்டி, மீட்டருடன் மெதுவாக ஏற்றும் சார்ஜ் பெட்டிகள் வேண்டும். பொது நிலையத்தில் 18 விழுக்காடு ஒழியவேண்டும். வாடகைக்காரர் தம் பெயரிலேயே வண்டி இணைப்புக் கேட்கும் உரிமை வேண்டும்.

இது தமிழனுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. அதே சந்தில் குடியிருக்கும் கன்னட, தெலுங்கு, உருதுத் தோழனுக்கும் வாசல் இல்லை. தோழர்களே, அவர்களையும் அழைத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்துக்கு மனுவோடு கிளம்புவோம். புகையில்லா நகரம் வேண்டும் என்று நம்மைப் புதுவண்டி ஓட்டச் சொன்னவர்கள், அது ஓட மின்சாரத்தையும் தரட்டும்!