"குரல் போச்சுவே!"

வயதான பாடகர் ஒருவர் மேடை ஏறினால் போதும். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து தீர்ப்பு வந்துவிடும்: "குரல் போச்சுவே!" சொல்கிறவர் கெட்டவர் எல்லாம் இல்லை. சின்ன வயதில் அந்தக் குரலை உயிராக நினைத்தவர்தான். அதனால்தான் இவ்வளவு கோபம். ஆனால் அந்தக் கோபம் நியாயம்தானா?

எஸ். ஜானகியையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிப் பக்கம் இப்போது அறுபது, எழுபது வயதில் இருப்பவர்களுக்கு, கடல் தாண்டி வந்த இலங்கை வானொலிதான் பாட்டு வாத்தியார். பாடகியின் முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். அதிலும் "கொஞ்சும் சலங்கை" (1962) படத்தின் "சிங்கார வேலனே" பாட்டுக்கு இங்கே தனி மரியாதை. அதில் நாதஸ்வரம் வாசித்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் ஆயிற்றே! அந்த நாதஸ்வரத்துக்கு ஈடுகொடுத்துப் பாடிய ஜானகிக்கு, படம் வந்தபோது 24 வயதுகூட நிரம்பவில்லை.

காருகுறிச்சியார் 1964இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். அவர் தளர்ந்து வாசித்து யாரும் கேட்டதில்லை. எனவே அவரைப் பார்த்து "மூச்சு போச்சு" என்று சொல்ல ஆள் இல்லை. ஜானகிக்கு அந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை. 2017 அக்டோபர் 28 அன்று மைசூர் மானசகங்கோத்ரியில் விடைபெறும் கச்சேரி பாடியபோது அவருக்கு வயது 79. கேட்க வந்தவர்களின் காதில் இருந்ததோ பழைய இசைத்தட்டு.

வயதானால் குரல்நாண்கள் மெலிந்து விறைக்கும், நுரையீரல் பிடிக்கிற காற்றும் குறையும். நீளமான சங்கதி நடுவில் உடையத்தான் செய்யும். சங்குகுளிக்கிற ஒருவர் வயதாகிக் கரையில் உட்கார்ந்தால் இந்த ஊரில் யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. பாடகருக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

காமர்ஸ் மக்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இவர்கள் குரலுக்குத் தேய்மானம் போடுகிறார்கள். இயந்திரத்துக்குப் போடலாம், வருடா வருடம் கழித்துக் காயலான் கடை மதிப்பில் கொண்டுபோய் நிறுத்தலாம். வயதான பாடகரிடம் கூடுகிற ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில் ஏறாமல் விடுவது, எந்தச் சொல்லை லேசாகத் தொட்டுவிட்டுப் போவது, எந்த வரியைக் கூட்டத்திடம் கொடுப்பது என்கிற கணக்கு. 24 வயதில் அந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. அதனால் இசைத்தட்டிலும் அது கிடையாது. நேரில் போனால்தான் உண்டு.

அந்தக் குரலுக்கு ஏற்ற பாட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2010 செம்மொழி மாநாட்டுப் பாட்டில் 90ஐ நெருங்கிய டி.எம். சௌந்தரராஜனும் பாடினார். அடுத்த வருடமே "ஒஸ்தி"யில் எழுபதைத் தாண்டிய எல்.ஆர். ஈஸ்வரியின் "கலாசலா" வந்தது. ஊரே ஆடியது, வயதை யார் கேட்டார்கள்?

கோபப்பட்டே ஆகவேண்டும் என்றால், அதே பழைய கட்டையில், அதே வேகப் பாட்டுகளை, மூன்று மணி நேரம் பாடச் சொல்லும் கச்சேரி அமைப்பாளர்களிடம் கோபப்படலாம். சுருதியை இறக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்னொன்றும் இருக்கிறது, பணம். அந்தக் காலத்துத் திரைப்பாடகர்களுக்குப் பதிவன்று கொடுத்த சம்பளத்தோடு பொதுவாகக் கணக்கு முடிந்தது. பாட்டு எத்தனை ஆயிரம் தடவை ஒலித்தாலும் சல்லிக்காசு கிடையாது. பாடுகிறவர்களுக்கும் ராயல்டி உரிமை என்று சட்டத்தில் எழுதியதே 2012 பதிப்புரிமைத் திருத்தத்தில்தான். பலருக்கு மேடைதான் வருமானம். "இந்த வயசுல இவருக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்கிறவர்களுக்கு இது தெரியுமா, தெரியவில்லை.

"ஜானகியே நிறுத்திக்கொண்டாரே, அப்படியானால் பின்வரிசை சொன்னது சரிதானே?" என்று கேட்கலாம். சரியில்லை. எப்போது நிறுத்துவது என்பது பாடுகிறவர் முடிவு, டிக்கெட் வாங்கியவர் முடிவு அல்ல. அந்த முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவருக்குத்தான். விடைபெற்ற அடுத்த வருடமே, 2018இல், "பண்ணாடி" என்ற தமிழ்ப் படத்துக்காக ஜானகி மறுபடியும் மைக் முன்னால் போய் நின்றார். பின்வரிசைக்காரர் என்ன சொன்னாரோ!