மூத்தவளின் டைம்டேபிள்

வீட்டுக்கல்வி பற்றி யார் பெருமை பேசினாலும் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். உங்கள் மூத்த பெண் காலை ஒன்பது மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பாள்?

பாடத்திட்டம் எது, புத்தகம் எங்கிருந்து வாங்குகிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்பதெல்லாம் பிறகு. ஒன்பது மணிக்கு அவள் கையில் இருப்பது அவளுடைய புத்தகமா, கடைசித் தம்பியின் பால் பாட்டிலா? அதைச் சொல்லுங்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், கொரோனாவுக்குப் பிறகு என் அலுவலக வட்டத்தில் இந்தப் பேச்சு கூடிக்கொண்டே போகிறது. நான் அரியாங்குப்பத்தில் உட்கார்ந்து பெங்களூருக் கம்பெனிக்கு வேலை செய்கிறவன். என்னைப் போலவே வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், இன்னும் சிலர் நிறுத்தப்போகிறார்கள். எல்லாரும் எனக்கு அனுப்பும் வீடியோக்களும் ஒரே மாதிரி. அமெரிக்கக் குடும்பம், நீளமான சாப்பாட்டு மேசை, எட்டோ பத்தோ பிள்ளைகள், ஒரே துணியில் தைத்த கவுன்கள், காலை ஜெபம், சூடான ரொட்டி. கீழே நண்பரின் குறிப்பு: "எவ்ளோ அழகா இருக்கு பாரு."

அழகாகத்தான் இருக்கிறது. அந்த ரொட்டியைச் சுட்டது யார் என்று மட்டும் பாருங்கள்.

முதலில் இந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்க வீட்டுக்கல்வி இயக்கத்துக்கு இரண்டு ஊற்றுகள். ஒருவர் ஜான் ஹோல்ட். பள்ளி பிள்ளையின் ஆர்வத்தைக் கொல்கிறது என்று சொன்ன இடதுசாரிச் சாய்வுள்ள ஆசிரியர், 1977-இல் இதற்காகவே ஒரு செய்தி மடலைத் தொடங்கினார். இன்னொருவர் ரேமண்ட் மூர், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த கல்வியாளர். பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்றார். எண்பதுகளில் இரண்டாவது ஓடை முதலாவதை விழுங்கியது. 1983-இல் மைக்கேல் ஃபாரிஸ் தொடங்கிய வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் மாநிலம் மாநிலமாக வாதாடியது. பத்தே வருடத்தில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லுபடியானது.

கூடவே வளர்ந்தது பெரிய குடும்பம் என்ற லட்சியம். பிள்ளைகளை வீரன் கை அம்புகளுக்கு ஒப்பிடும் 127-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு, அம்பறாத்தூணி நிறையப் பிள்ளைகள் வேண்டும், கருத்தடை கூடாது என்று ஒரு போக்கு கிளம்பியது. பில் கோதார்ட் என்ற போதகர் இதற்கேற்ற வீட்டுப் பாடத்திட்டமே தயாரித்து விற்றார். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனிதர் அவர். பல பெண்கள் பாலியல் சீண்டல் புகார் சொன்ன பிறகு 2014-இல் தன் அமைப்பிலிருந்து விலகினார்.

அந்தப் பாடத்திட்டத்தின் விளம்பரப் பலகை அர்கன்சாஸின் டக்கர் குடும்பம். அப்பா ஜிம் பாப், அம்மா மிஷெல், 19 பிள்ளைகள். 2008 முதல் 2015 வரை தொலைக்காட்சியில் அவர்களுடைய அன்றாடம்தான் நிகழ்ச்சி. அந்த வீட்டில் வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு 'அதிகார எல்லை': ஒருவருக்குச் சமையலறை, ஒருவருக்குத் துணி. அதற்கும் மேலே 'ஜோடி முறை'. மூத்த பிள்ளைக்கு ஒரு குட்டிப் பிள்ளை பொறுப்பு. அதை எழுப்பி, உடுத்தி, ஊட்டி, பாடம் சொல்லிக்கொடுத்துப் படுக்கவைக்க வேண்டும். இந்தச் சுமை பெரும்பாலும் மூத்த பெண்கள் தலையில்தான் விழுந்தது. பார்வையாளர்கள் அம்மாவைப் பார்த்து, எப்படித்தான் சமாளிக்கிறாரோ என்று வியந்தார்கள். சமாளித்தது அவர் மட்டுமல்ல. பதின்ம வயதுப் பெண்கள் நாலைந்து பேர் சம்பளமில்லாமல் ஒரு பள்ளியையும் ஒரு ஹாஸ்டலையும் சேர்த்து நடத்திக்கொண்டிருந்தார்கள்.

2015-இல் நிகழ்ச்சி நின்றது. மூத்த மகன் பதின்பருவத்தில் தன் தங்கைகள் உட்படச் சில சிறுமிகளிடம் அத்துமீறிய செய்தி வெளியே வந்ததுதான் காரணம். பெற்றோருக்கு அது பல வருடங்களாகத் தெரியும். காவல்துறை விசாரிக்க 2006 ஆனது, அதற்குள் வழக்குத் தொடரும் காலவரம்பு முடிந்திருந்தது. அதே மகன் சிறார் பாலியல் படங்கள் வைத்திருந்த வழக்கில் 2021-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு 12 வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றார். வீட்டுக்கல்விதான் இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. பள்ளிகளிலும் இந்த அக்கிரமம் நடக்கிறது, நமக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிறுமிகளுக்குத் தினமும் பார்க்கும் வெளியாள் என்று ஒரு டீச்சர்கூட இல்லை. வீடு, சபை, பாடம் மூன்றுக்கும் ஒரே கதவு. அந்தக் கதவின் சாவி அப்பா கையில்.

"அது அமெரிக்கா, நம்ம ஊர்ல இப்படியெல்லாம் இல்ல" என்பார்கள். நம்ம ஊரில்தான் இது பழைய கதை.

என் ஆயாவுக்கு எட்டுப் பிள்ளைகள். தாத்தா ரோடியர் மில்லில் ஷிப்டு வேலை. பெரியத்தை ஐந்தாவதோடு நின்றார். யாரும் அவரை அடித்து நிறுத்தவில்லை. ஆறாவது பிள்ளை பிறந்தது, நின்றுவிட்டார், அவ்வளவுதான். விடியற்காலை எழுந்து தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கைகளுக்குத் தலைவாரி விடுவது, இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகப் பூசைக்குக் கூட்டிப்போவது, சாயந்தரம் எல்லாரையும் சுற்றி உட்காரவைத்து ஜெபமாலை சொல்லவைப்பது, எல்லாம் பெரியத்தை. மந்திரம் எல்லாம் மனப்பாடம். எழுத்துதான் தங்கவில்லை. இன்றைக்கும் டாக்டர் சீட்டை என்னிடம் நீட்டி, "இதுல என்னடா எழுதியிருக்கான்?" என்பார். ஏன் அத்தை படிக்கவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "நான் படிக்கப் போயிருந்தா உங்கப்பன யாருடா தூக்கியிருப்பா?" என்றார்.

பெரியத்தை கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சொன்னார். பெரிய குடும்பம் என்பது ஒரு கணக்கு. அம்மாவுக்கு இருப்பது இரண்டு கை. மூன்றாவது கையும் நான்காவது கையும் மூத்தவளுடையவை. பள்ளி இருந்தால் அந்தக் கைகள் ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது அவளுக்கே சொந்தம். வீடே பள்ளியாகிவிட்டால் அந்த ஆறு மணி நேரமும் வீட்டுக்குப் போய்விடும். அமெரிக்க வீடியோவில் இதற்குப் பெயர் 'குணநலப் பயிற்சி'. எங்கள் தெருவில் இதற்குப் பெயர் எதுவும் இல்லை, அவள் மூத்தவள், அவ்வளவுதான்.

"வீடுதான் சிறந்த பள்ளி" என்ற வாசகத்தைத் தமிழர்கள் முதல் தடவையாகக் கேட்கவும் இல்லை. 1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் என்ன சொன்னது? பள்ளியில் மூன்று மணி நேரம் போதும், மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் கற்கட்டும். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியார் எதிர்த்தார். 1954-இல் ராஜாஜி பதவியை விட்டார், காமராஜர் வந்து திட்டத்தைத் தூக்கிப்போட்டார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்தத் திட்டம் எங்களைத் தொடவில்லை. அதில் உள்ள பாடம் எங்களுக்கும் உண்டு: வீட்டால் தன்னிடம் இருப்பதைத்தான் கொடுக்க முடியும். செருப்புத் தைக்கும் வீடு செருப்பைக் கொடுக்கும், அய்யர் வீடு வேதத்தைக் கொடுக்கும், சாஃப்ட்வேர் வீடு லேப்டாப்பைக் கொடுக்கும். பள்ளி, அதன் எல்லா லட்சணக்கேட்டோடும், வீட்டில் இல்லாததைக் கொடுப்பதற்காக வந்த இடம்.

கிறிஸ்தவர்களுக்கு இது மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அரிக்கமேட்டுக்கு ரோமானியப் பானை ஓட்டைத் தேடிப் போகிறவர்கள் அங்கே ஒரு செங்கல் இடிபாட்டையும் பார்த்திருப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மறைப்பணியாளர்கள் கட்டியது. வேதம் படிக்கவும் பையன்கள் வீட்டை விட்டு வெளியே போன காலம் அது. இங்கிருந்து தெற்கே கடலோரமாகவே போனால் தரங்கம்பாடி. 1706-இல் அங்கே இறங்கிய சீகன்பால்கு அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கினார், பெண்பிள்ளைகளுக்கும். இந்த மண்ணில் கிறிஸ்தவத்தின் பெரிய கொடை எது என்று கேட்டால், கோயில் கோபுரத்தைக் காட்ட மாட்டேன், பள்ளிக்கூட மணியைக் காட்டுவேன். திருப்பலியில்கூடச் சாதி பார்த்த ஊர்தான் இது. கோயிலுக்குள் எழுப்பிய சாதிச் சுவர் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தச் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சிலேட்டோடு நுழைந்த கதவு பள்ளிக் கதவு. புதுச்சேரியில் 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகம் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. அந்தக் கதவை வேத வசனம் சொல்லியே சாத்துகிறவர்களை என்னவென்று சொல்வது?

எதிர்க் கேள்வி எனக்குத் தெரியும். "பள்ளி மட்டும் ஒழுங்கா?" ஒழுங்கில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. கையில் சாதிக் கயிறு, பெஞ்சில் சாதி, மதிப்பெண் வெறி, பிரம்பு, எல்லாம் உண்மை. ஆனால் நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்க முடிந்தது, அறிக்கை வந்தது, அதை வைத்துச் சண்டை நடந்தது. பள்ளியின் அழுக்கு தெருவில் கிடக்கும் அழுக்கு, எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பேசுகிறோம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடப்பதை விசாரிக்க எந்தக் குழு வரும்?

என் தொழிலில் ஒரு எளிய விதி உண்டு. நான் எழுதிய கோடை நானே சரிபார்த்து நானே ஒப்புதல் கொடுத்து நானே ஏற்ற முடியாது. இன்னொரு கண் பார்த்தாக வேண்டும். நான் அயோக்கியன் என்பதால் இல்லை. என் தவறு என் கண்ணுக்குத் தெரியாது என்பதால். பத்து வருடமாக இந்த விதியோடு வாழும் என் நண்பர்கள், ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற இரண்டு பேரிடம் ஒப்புதல் கேட்கிறவர்கள், தங்கள் மகளின் பதினெட்டு வருடத்துக்கு மட்டும் ரிவ்யூவே தேவையில்லை என்கிறார்கள்!

"பெற்றோர் உரிமை" என்று பதில் வரும். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆமிஷ் பெற்றோருக்கு, எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்பாமலிருக்கும் உரிமையைக் கொடுத்தது. அதில் நீதிபதி டக்ளஸ் ஓரளவு மாறுபட்டுத் தனியாக எழுதினார். பெற்றோர் மதமும் அரசும் மோதுகின்றன, சரி, அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா என்பது அவர் எழுப்பிய பிரச்சினை. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பதில் வரவில்லை.

நம் நாட்டு வழக்கு ஒன்றைப் பாருங்கள். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985-இல் பள்ளி அவர்களை வெளியேற்றியது. அடுத்த ஆண்டு பிஜோ இமானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. அந்தத் தீர்ப்பு சொன்னது, உன் விசுவாசத்தோடேயே நீ பள்ளிக்குள் இருக்கலாம் என்பது. கிறிஸ்தவச் சிறுபான்மைக்கு இந்த நாட்டில் கிடைத்த பெரிய வெற்றிகளில் ஒன்று உள்ளே இருக்கும் உரிமை. அதை நாமே வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது பக்தியா?

சட்டம் இங்கே வழவழ கொழகொழ. 2010-இல் அமலான கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. இந்த இடைவெளியில்தான் வீட்டுக்கல்வி நடக்கிறது. பெற்றோரை ஜெயிலில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. பள்ளியில் நொறுங்கிப்போன பிள்ளைகள், உடம்பு முடியாத பிள்ளைகள் வீட்டில் படித்துத் தேறியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வழி இருக்கட்டும்.

நான் கேட்பது கொஞ்சம்தான். வீட்டில் படிக்கும் பிள்ளையின் பெயர் கொம்யூனில் ஒரு பதிவேட்டில் இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு முறை உறவும் சபையும் அல்லாத ஒருவர், பெற்றோர் இல்லாத அறையில், ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு பேசட்டும். மூத்த பெண்ணின் ஒரு நாள் டைம்டேபிளை அவளே தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். "எங்க வீட்டுக்குள்ள யாரும் மூக்கை நுழைக்க வேணாம்" என்று இதற்கே துள்ளுகிற அப்பாவிடம், அந்த வீட்டில் படிப்பு நடக்கிறது என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது ஆனால் போதும். உங்கள் மூத்த பெண்ணுக்கு 14 ஆகிவிட்டதென்றால் முதலில் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்புங்கள், அவள் படிக்கும் நேரத்தில் குழந்தையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். ரொட்டி வீடியோவை அப்புறம் அனுப்பலாம்.